ஆசியாவைச் சுருக்கியவர்

வயது ஏற ஏற வீடு, நிலம், நகை, நோய் என்று எதையாவது பெருக்கிக்கொண்டே போவது மானிட சுபாவமாயிருக்க, ஆண்டுக்கு ஒரு மாகாணம் வீதம் தம் ராஜ்யத்தைத் தாமே முன்வந்து துறந்து, கடைசியில் கைக்கடக்கமான ஒரு துண்டு மிஞ்சியதும் சக்கரவர்த்தியின் மிடுக்கோடு நடக்கிற ஒரு வர்க்கத்தாரும் இவ்வுலகில் உண்டு. ஆசிய மொழிகளிலும் நாகரிகங்களிலும் டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

இந்த வர்க்கத்தாரைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் ஆசியாவுக்கு வெளியே, ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவுக்குப் போவது உத்தமம். 1946-இல் பாராளுமன்றச் சட்டத்தினால், முதலில் ஆராய்ச்சிக்கென்றே ஸ்தாபிக்கப்பட்ட ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. பண்டைய இந்தியாவின் அரசு, சமயம், கலை, இலக்கியம் ஆகிய அனைத்தையும் 1954-இல் ஒரே நூலில் அடக்கிக் காட்டிய ஏ. எல். பாஷம், 1965-இல் லண்டனை விட்டு வந்து ஆசிய நாகரிகங்களைப் போதித்ததும் அங்கேதான். பாஷம் ஒரு துணைக்கண்டத்தை ஒரு புத்தகத்தில் ஏற்றினார். நம் ஆராய்ச்சியாளரோ ஒரு புத்தகத்தில் சில மாட்டுவண்டிகளுக்கு மேல் ஏற்றுவது சாஸ்திர விரோதம் என்று கண்டவர்.

பிறக்கும்போதே அவர் வண்டிகளின்மீது மோகம் கொண்டிருந்தார் என்று எண்ணிவிடக் கூடாது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த நாளில் அவருடைய பொருள் 'ஆசியாவில் அரசும் அறமும்' என்று அகன்று பரந்துதான் கிடந்தது. அதை வாசித்த நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எந்த ஆசியா?" என்று ஒரு கேள்வி கேட்டார், அடுத்த சந்திப்பில் சீனாவும் இந்தியாவும் காணாமற்போய்த் தென்கிழக்கு ஆசியா மட்டும் எஞ்சியிருந்தது. "அதில் எந்த நாடு?" என்றதும் ஜாவா நின்றது. "எந்தக் காலம்?" என்றதும் மஜபாகித் பேரரசின் பதினான்காம் நூற்றாண்டு நின்றது. "எந்த ஆதாரம்?" என்றதும், பிரபஞ்சர் என்னும் அரசவைக் கவி 1365-இல் பழைய ஜாவானிய மொழியில் இயற்றிய நாகரகிருதாகமம் என்ற காவியம் நின்றது. அதிலும் தொண்ணூற்றெட்டு சர்க்கங்கள் இருக்கக் கண்டு நெறியாளர் பெருமூச்சுவிட்டதைப் பார்த்து, ஹயாம் வுரூக் என்னும் அரசன் 1359-இல் கிழக்கு ஜாவாவில் உலாப் போன கதையோடு நம்மவர் நிறுத்திக்கொண்டார். ஈற்றில், அந்த உலாவில் சென்ற வண்டிகளும் அவற்றில் பொறித்திருந்த சின்னங்களுமே பொருள் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு ராஜ வம்சத்தாரின் வண்டிக்கும் ஒவ்வொரு சின்னம். அரசனுடைய வண்டிகளுக்கு வில்வப்பழம். அன்று முதல், ஆசியாவின் அரசும் அறமும் அந்த வில்வப்பழத்துக்குள்ளேயே இருப்பதாக அவர் சத்தியமாக நம்புகிறார். நம்பாதவர்களைச் சற்றே இரக்கத்தோடு பார்க்கிறார்.

வண்டி சிறியதாயினும் அதில் ஏறுவதற்கு எத்தனை படிகள்! பழைய ஜாவானியம் தெரிந்தால் காவியத்தைப் படிக்கலாம். ஆனால் காவியத்தைப் பற்றி ஒரு நூற்றாண்டுக் காலம் சண்டையிட்ட பண்டிதர்கள் டச்சு மொழியில் சண்டையிட்டிருப்பதால் டச்சு வேண்டும். காவியத்தின் ஏட்டுப் பிரதி, 1894-இல் லொம்போக் தீவின் அரண்மனையை டச்சுப் படை சூறையாடியபோது பிராண்டஸ் என்ற அறிஞரால் காப்பாற்றப்பட்டது. இத்தகைய ஏடுகளைப் பேணி வந்தவர்கள் பாலித் தீவின் மரபினர் ஆகையால் பாலித் தீவு மொழியும் வேண்டும். இக்காலத்து அறிஞர்களோடு பேச இந்தோனேசிய மொழி வேண்டும். பாதிரியார் சூட்முல்டர் தொகுத்து 1982-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த பழைய ஜாவானிய அகராதியில் ஏறக்குறையப் பாதிச் சொற்கள் வடமொழியிலிருந்து வந்தவை என்பதால் சமஸ்கிருதமும் வேண்டியதாகிறது. தமிழர் ஒருவர் தற்செயலாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ராஜ்யம், தர்மம், கீர்த்தி, வில்வம் என்று காதில் விழுந்த சொற்களையெல்லாம் தமக்கும் தெரியுமென்று சொன்னால், நம்மவர் மகிழ்வதற்குப் பதிலாக, ஒற்றை மூச்சில் தம் ஐந்து வருஷத்து உழைப்பைத் தட்டிப் பறித்த கொள்ளைக்காரனைப் போல அவரைப் பார்ப்பார்.

இவ்வளவு மொழிகளைக் கற்றும், யோக்யகர்த்தா நகரத்துச் சிற்றுண்டிக் கடையில் அவர் நாவெழாமல் நின்றது உண்டு. அவருடைய நெஞ்சில் முந்திக்கொண்டு வருவது பிரபஞ்சரின் அரசவை நடை. காப்பியோ பிரபஞ்சரின் ஜாவா கண்டறியாத வஸ்து. பதினான்காம் நூற்றாண்டில் இல்லாத ஒரு பானத்தைப் பதினான்காம் நூற்றாண்டு மொழியில் எப்படிக் கேட்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கையில், பின்னால் நின்ற சிறுவன் விரலை நீட்டி, இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கான்பெராவில் அவர் வாசம் செய்வது கூம்ப்ஸ் கட்டடம். பல்கலைக்கழகம் உருவாகப் பாடுபட்ட பொருளாதார நிபுணர் எச். சி. கூம்ப்ஸின் பெயரைத் தாங்கிய அந்தக் கட்டடம், அறுகோணங்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டப்பட்டதாகையால், எந்தத் தாழ்வாரத்தில் திரும்பினாலும் முன்பு கண்ட தாழ்வாரமே எதிரே வந்து நிற்கும். அதில் முதல் நாளே வழி தவறாதவர் இலர். பழகிய நம்மவரிடம் புதியவர் ஒருவர் தேநீர் அறைக்கு வழி கேட்டால், "இடப்புறம் திரும்புங்கள், வலப்புறம் என்று கொள்வாரும் உளர், எனினும் அக்கொள்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை" என்று பாடபேதங்களோடு விடை சொல்லுவார். அந்தத் தேநீர் அறையில்தான் ஆராய்ச்சி உண்மையாக நடக்கிறது என்பது முதியவர்கள் சொல்லும் ரகசியம்: பர்மாவின் கல்வெட்டுக்காரரும், பப்புவாவின் நூற்றுக்கணக்கான மொழிகளில் ஒன்றைப் பற்றிக்கொண்டவரும், வண்டிக்காரரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் சொல்வதை ஒருவர் சற்றும் புரிந்துகொள்ளாமலே பரமானந்தத்தோடு தலையாட்டுவார்கள்.

வீட்டிலிருந்து கட்டடத்துக்கு அவர் வருவது சைக்கிளில். வசந்த காலமாகிய செப்டம்பரில் மாக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவைகள் கூட்டுக்குக் காவலாக நின்று சைக்கிள்காரர்களின் தலையைக் குறிபார்த்துப் பாய்வது அவ்வூர் வழக்கம். அதற்குப் பரிகாரமாக ஜனங்கள் தலைக்கவசத்தில் பிளாஸ்டிக் குச்சிகளைச் சிலிர்க்கச் செருகிக்கொள்கிறார்கள். நம்மவரும் அவ்விதமே செருகிக்கொண்டு, வில்வப்பழச் சின்னத்தைப் பற்றி எண்ணியவாறு, தம் தலையிலிருக்கும் சின்னத்தைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் எவ்வாறு விளக்குவார்களோ என்று கவலைப்பட்டுக்கொண்டே மிதிப்பார்.

நெறியாளருக்கும் அவருக்கும் உள்ள உறவு நம் நாட்டாருக்கு எளிதில் விளங்காது. ஐயா என்பதும் இல்லை, எழுந்து நிற்பதும் இல்லை. அறுபது வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டும். கூப்பிடலாமே ஒழிய, அந்தப் பெயரிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் குருகுலத்துச் சீடனும் அறியாத நடுக்கம் அவருக்குக் காணும். "சுவாரசியமாயிருக்கிறது" என்று பேராசிரியர் ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில் எழுதினால் அதை நீக்கிவிட வேண்டும் என்றும், "மிகவும் சுவாரசியமாயிருக்கிறது" என்று எழுதினால் அதன் முன் அத்தியாயத்தையும் சேர்த்து நீக்கிவிட வேண்டும் என்றும் பொருள்கொள்ள அவர் பழகிவிட்டார்.

களப்பணிக்குப் பாலிக்குப் போகுமுன், மனிதர்களை விசாரிக்கும் ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை அவர் பெற்றாக வேண்டும். வண்டிகளைப் பற்றிக் கேட்பதனால் கேட்கப்படுகிறவரின் மனத்துக்கு யாதொரு துன்பமும் விளையாது என்பதை அவர் பல பக்கங்களில் நிரூபிக்க வேண்டியிருந்தது. பாலியில் பழங்காவியத்தை ஒருவர் ராகத்தோடு பாட, மற்றொருவர் அடியடியாகப் பாலி மொழியில் பொருள் சொல்லும் சபைகள் இன்றும் உண்டு. அத்தகைய சபையொன்றில் போய் உட்கார்ந்து, பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் சம்மதப் பத்திரத்தை நீட்டினார். தலைமுறை தலைமுறையாகத் தட்சிணையை மட்டுமே எதிர்பார்த்துப் பாடிவந்த அந்த முதியவர்கள், தாங்கள் பாடுவதை நிறுத்திக்கொள்ள எந்நேரமும் தங்களுக்கு உரிமை உண்டு என்று அச்சில் கண்டு திகைத்து, நம்மவருக்கு உடம்பு சரியில்லையோ என்று இளநீர் வரவழைத்தார்கள். இளநீருக்குப் பிறகு வண்டியைப் பற்றி விசாரித்தார். மூன்று பேர் மூன்று விளக்கம் சொன்னார்கள். மூன்றும் ஒன்றையொன்று மறுத்தன. அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது: ஒரே மாலையில் ஒரு முழு அத்தியாயம்!

ஊர் திரும்பியதும், 2008-இல் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்து உலகமெங்கும் பரவிவிட்ட ஒரு சோதனை அவருக்குக் காத்திருந்தது. ஆய்வேடு முழுவதையும் ஒரே ஒரு படத்தைக் காட்டி மூன்று நிமிஷத்தில் பொதுஜனங்களுக்கு விளக்க வேண்டுமாம். நம்மவர் மேடையேறி, தலைப்பின் முதற்பகுதியை வாசித்து, அதிலுள்ள 'உலா' என்பதற்கு ஓர் எச்சரிக்கை கூறத் தொடங்கினார், மணி அடித்துவிட்டது. பரிசு, வெளவால்களைப் பற்றிப் பேசிய ஒரு யுவதிக்குப் போயிற்று. வெளவால்களின்மீது இன்றுவரை அவருக்குக் கோபம்.

"எப்போது முடியும்?" என்ற கேள்வியைத் தாயார் கேட்டால் மௌனம், உதவித்தொகை தருகிறவர்கள் கேட்டால் அட்டவணை, சக மாணவர் கேட்டால் காப்பி என்று அவர் மூன்று விடைகள் வைத்திருந்தார். முடியும் தறுவாயில் பயம் பிடித்துக்கொள்வதே இந்த வர்க்கத்தாரின் விசேஷ குணம். ஏடு முடியாதிருக்கும்வரை அந்த வண்டிகளுக்கு உலகத்தில் அவர் ஒருவரே அதிபதி; முடிந்தால், அவற்றைப் பற்றி அறிந்த இன்னும் மூன்று பேர், அதாவது தேர்வாளர்கள், உண்டாகிவிடுவார்கள். ஆகவே லட்சம் சொற்களுக்கு மிகலாகாது என்ற விதியைக் காட்டி நெறியாளர் பிடுங்காத குறையாக வாங்கிச் சமர்ப்பித்தார். அங்கே பெரும்பாலும் வாய்மொழித் தேர்வு என்னும் சடங்கு கிடையாது. தேர்வாளர்கள் தத்தம் ஊரிலிருந்தே எழுதியனுப்புவார்கள். ஒருவர் அபாரம் என்றார். ஒருவர் காற்புள்ளிப் பிழைகளைப் பட்டியலிட்டார். மூன்றாமவர், பொருள் அளவுக்குமீறி விரிந்துவிட்டதென்றும், ஒரு சின்னத்தோடு நிறுத்தியிருந்தால் ஆழம் கிடைத்திருக்குமென்றும் வருந்தினார். நம்மவர் மூன்றாமவரின் கடிதத்தைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

இவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம், சிரித்தும் ஆயிற்று. ஆயினும் ஒரு வாரம் விமானத்தில் சுற்றிவிட்டு வந்து ஆசியாவின் ஆத்மாவை அரைமணிப் பேச்சில் அவிழ்த்துக் கொட்டுகிற பிரமுகர்கள் மலிந்த இக்காலத்தில், தாம் அறியாததன் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை அங்குல சுத்தமாக அறிந்த ஒருவர் ஊருக்கு ஒருவராவது இருப்பது க்ஷேமம் என்றே எனக்குப் படுகிறது. சமீபத்தில் ஒரு விருந்தில், தூதரக அதிகாரி ஒருவர் அவரை ஆசிய நிபுணர் என்று அறிமுகம் செய்துவைத்து, ஆசியாவின் எதிர்காலம் எப்படியிருக்குமென்று பயபக்தியோடு கேட்டார். மேசையிலிருந்தவர்கள் அனைவரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். நம்மவர் வெகுநேரம் யோசித்து, "மன்னிக்க வேண்டும், 1359-க்குப் பிற்பட்டது என் துறையன்று" என்று சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டார்.