வெறுங்கிளையியல்: டயகமச் சிறுகுருவிப் படங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

சிறுகுருவிகளைப் படம் பிடிப்போரிடம் உள்ள படங்களில் பெரும்பாலானவற்றில் குருவி இருப்பதில்லை. கிளை இருக்கும், இலை இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் மூலையில் ஒரு வால்நுனி இருக்கும். இப்படங்களை இதுநாள்வரை யாரும் ஆராய்ந்ததில்லை. கைபேசியில் இடம் போதவில்லை என்று அன்றன்றே அழித்துவிடுகிறார்கள். ஒரு துறையின் மூல ஆவணங்கள் இப்படி அழிந்துகொண்டிருக்க, அறிஞர் உலகம் கைகட்டி நிற்பது தகாது. எனவே அவற்றைப் பேணி ஆராயும் துறைக்கு வெறுங்கிளையியல் என்று பெயர் சூட்டி, அதன் முதற் கட்டுரையை இங்கே சமர்ப்பிக்கிறோம்.

ஆய்வுக்களம் டயகம. தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலை, அக்கரப்பத்தனை எல்லாம் தாண்டி வந்தால் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். அந்தக் காட்டுக்கு மேலே, 1988இல் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளி. எல்லைக்கோடு எங்கே என்று குருவிகளுக்கு யாரும் சொல்லாததால் அவை லயத்துக்கும் வருகின்றன. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இலங்கை வெள்ளைக்கண்ணி, கோவாப் பாத்திக்குப் பக்கத்துப் பேரிக்காய் மரத்தில் கூட்டமாக வந்திறங்கும். இறங்கியதும் கீச்சுக் கீச்சென்று ஒரு கிளையைப் பார்வையிட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். பட்டாணிக்குருவி தலைகீழாகத் தொங்கிப் பட்டையைக் குடையும். கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு டிஷ் அன்டெனாவின் உச்சியில் உட்கார்ந்து தோட்டத்தையே மேற்பார்வை செய்யும்.

முன்னோர் ஆய்வுகளைப் பார்ப்போம். கேப்டன் லெக் 1878 முதல் 1880 வரை வெளியிட்ட இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலில் கியூலமன்ஸ் வரைந்த வண்ணப்படங்கள் இன்றைக்கும் கண்ணைப் பறிக்கின்றன. ஒவ்வொரு குருவியும் இறகு இறகாகத் தெளிவு. வெறுங்கிளை ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது. அந்தக் காலத்தில் பறவையாராய்ச்சி துப்பாக்கியால் நடந்தது. ஓவியர் முன் குருவி அசையாமல் இருந்ததற்குக் காரணம் அது செத்திருந்ததுதான். அந்த வழியை வெறுங்கிளையியல் ஏற்பதில்லை. போகிற போக்கில் இன்னொன்று: லெக், லேயார்ட், கெலார்ட் என்று ஆய்வாளர் பேரிலெல்லாம் இந்நாட்டில் பறவைகள் உண்டு. 1872இல் பெயரிடப்பட்ட இலங்கைச் சீட்டியடிப்பானின் அறிவியல் பெயரில் பிளை என்ற தோட்டத்துரை இருக்கிறார். கொழுந்துக்கூடை சுமந்தவர் பேரில் ஒரு சிட்டுக்கூட இல்லை. துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு வந்தால், தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணன், பல உதிரிகளைப் பொருத்தித் தாமே ஒப்பேற்றிய கேமராவால் காட்டுயிர்களைப் படம் பிடித்தார். ஆனால் அவர் பேர் வாங்கியது பெரும்பாலும் யானைப் படங்களால். யானை கிளையில் உட்காராது. எனவே அவர் நம் துறைக்குள் வரமாட்டார்.

வெறுங்கிளைகள் இருவகை. குருவி போனபின் எடுபடுவது பின்வெறுமை. வருமுன் எடுபடுவது முன்வெறுமை. பின்வெறுமை எல்லோருக்கும் வாய்க்கும். முன்வெறுமைக்குப் பயிற்சி வேண்டும். ஈப்பிடிப்பான்களும் புதர்ச்சிட்டும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பி வரும். கவ்வாத்து வெட்டிய மலையில் மொட்டையாக நிற்கும் வாது ஒன்றைத் தேர்ந்து, அதன்மேல் குவியத்தைப் பூட்டிவைத்துக் காத்திருந்தால், வெறுங்கிளை தானாக நிறையும். இந்தத் தொழில்நுட்பத்தின் பலவீனம், அதே புதர்ச்சிட்டுக்கு அதே மலையில் இன்னும் நூறு வாதுகள் உண்டு என்பதே. அப்படியே வந்து உட்கார்ந்தாலும் ஆண் சிட்டு கரிக்கறுப்பு, சிறகிலும் பிட்டத்திலும் சுண்ணாம்பு வெள்ளை. கறுப்புக்கு வெளிச்சம் கொடுத்தால் வெள்ளை வெளிறிப்போகும். வெள்ளையைக் காத்தால் கண் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பெட்டை மண்ணிறம், அவ்வளவு தொல்லை தராது. ஆனால் அதைப் படம் பிடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

கருவி பற்றிய மயக்கத்தையும் போக்கிவிடுவோம். வெள்ளைக்கண்ணி 11 சென்ரிமீற்றர். 400 மில்லிமீற்றர் லென்ஸை மாட்டி 10 மீற்றர் தூரத்திலிருந்து எடுத்தால், முழுச்சட்டக் கேமராவில் அது படத்தின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கை அடைக்கும். மீதி ஏழு பங்கும் பேரிக்காய் மரம். கைபேசியில் எடுத்தவர் குருவியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுத்தான் வட்சப்பில் அனுப்ப வேண்டும். இதற்கிடையில் மிசுட்டு இறங்கும். டயகமவில் மிசுட்டு இறங்கினால் எதிர்லயமே தெரியாது. குருவியை உறையவைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும், வெளிச்சமோ அதற்குக் காணாது. தானியங்கிக் குவியம் முன்னும் பின்னும் தடுமாறி, கடைசியில் கொடியில் காயும் சட்டையின் பொத்தானைத் துல்லியமாகப் பிடிக்கும்.

இனி மையக் கேள்வி. குருவி ஏன் பறக்கிறது? மனிதருக்குப் பயந்து என்பது பாமர விளக்கம். லயத்துக் கொல்லையில் பீலியடியில் குடங்கள் மோதுகின்றன, பிள்ளைகள் கத்துகின்றன, நாய் குரைக்கிறது, மேல்வீட்டில் பாட்டு அலறுகிறது. கொண்டைக்குருவி அசையவில்லை. ஒரே ஒருவர், சத்தமே இல்லாமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு கேமராவை உயர்த்துகிறார். உடனே பறக்கிறது. ஆகவே எமது கருதுகோள்: குருவிக்குப் பிரச்சினை மனிதர் அல்லர், மனிதரின் பார்வை. இது வெறும் டயகமச் சித்தாந்தம் அன்று. மனிதர் முகம் தம் பக்கம் இருந்தாலும், கண் வேறு பக்கம் பார்த்தால் ஐரோப்பிய மைனாக்கள் தைரியமாக இரைக்கு வருகின்றன என்று பிரித்தானிய ஆய்வாளர்கள் 2008இல் காட்டியிருக்கிறார்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவிலும் இதற்குச் சான்று உண்டு. காஷ்மீரிலிருந்து குளிர்காலம் கழிக்க அங்கே வரும் ஈப்பிடிப்பானுக்காக நீண்ட லென்ஸ்காரர்கள் கான் ஓரமாகத் தவமிருப்பார்கள். அதுவோ, கச்சான் கொறித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் இளஞ்சோடியின் வாங்குக்குப் பக்கத்தில் இறங்கும்.

பார்வையை மறைப்பது எப்படி? இங்கிலாந்தின் கீர்ட்டன் சகோதரர்கள் பாடம் செய்த மாட்டுத்தோலுக்குள் ஒளிந்து படம் பிடித்தார்கள். டயகமவில் அப்படி ஒரு மாடு நின்றால் அந்தியில் யாராவது பட்டிக்கு ஓட்டிப்போய்விடுவார்கள். இவ்வூருக்குப் பொருத்தமான மறைப்பு, மழைக்குத் தலையில் போடும் கறுப்புக் கம்பளியும் இடுப்பில் கட்டும் படங்கும்தான். அவற்றை இரவல் வாங்கி, கூடைக்குள் கேமராவை வைத்து, கொழுந்தெடுக்கும் நிரையின் கடைசியில் நின்றோம்.

"என்னாங்க தம்பி, பேர் போட வந்திட்டீங்களா?" என்றார் பக்கத்து நிரை அக்கா.

முடிவுகள் வியப்பூட்டின. கைகள் செடியிலும் கண்கள் கைகளிலும் இருந்தவரை புதர்ச்சிட்டு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து, கூடை விளிம்பைக்கூட ஒருமுறை பரிசீலித்தது. பிரதிகூலம் ஒன்றுதான்: கைகள் செடியில் இருக்கும்வரை கேமராவை எடுக்க முடியாது. இந்தச் சிக்கலை யோசித்துக்கொண்டிருக்கையில் கங்காணி மேட்டிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இறங்கி வந்தார். சிட்டு நகரவில்லை. கூடையில் கொழுந்து ஏன் இல்லை என்று கேட்டார். அப்போதும் நகரவில்லை. குருவிப் படம் எடுக்கிறோம் என்று விளக்கினோம். "எந்தக் குருவி?" என்று திரும்பிப் பார்த்தார், வாது காலி.

கருதுகோள் உறுதிப்பட்ட மகிழ்ச்சியில் அதை அக்காவிடம் சொன்னோம். அவர் நிமிராமலே சொன்னார்: "அவரு பாத்தா நாங்களே அடுத்த செடிக்கு நகந்துருவோம் தம்பி."