முதலில் புகார், பிறகுதான் வழக்கு: கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் கைதிகள் நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாதாமே?

பதில்: முடியாது. 1996 ஏப்ரலில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சிறைக்குள் நடந்த எதைப் பற்றியும் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடுமுன், அந்தச் சிறையின் புகார் முறையை ஒரு படி விடாமல் முடித்திருக்க வேண்டும். கெட்டுப்போன சாப்பாடு மட்டுமல்ல, காவலர் அடித்ததும் இதில் அடங்கும் என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

கேள்வி: எங்கே போனாலும் 'முதலில் மேலதிகாரியைப் பார்' என்றுதானே சொல்கிறார்கள்? இதில் என்ன தவறு?

பதில்: முறையில் தவறில்லை. குழாய் ஒழுகுவதற்கும் மருந்து தாமதமாவதற்கும் நீதிபதி எதற்கு? நாலு நாளில் உள்ளேயே தீர்ந்தால் கைதிக்குத்தான் முதல் நன்மை. தவறு கெடுவில் இருக்கிறது. கலிஃபோர்னியா கைதி ஒருவர் 15 வேலை நாள் கெடுவுக்குள் புகார் தரவில்லை என்று சிறை நிர்வாகம் அதை ஏற்க மறுத்தது. 2006-ல் வுட்ஃபோர்ட் வழக்கில், 'கெடுவுக்குள் முறைப்படி முடிக்காதவருக்கு நீதிமன்றமும் இல்லை' என்றது உச்ச நீதிமன்றம். அதே மாநிலத்தில் வெளியே இருப்பவர், போலீஸ் தன்னை அடித்ததாகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் உரிமை வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. உள்ளே இருந்தவருக்கு அப்போது கிடைத்ததோ மூன்று வாரம்!

கேள்வி: மொத்தம் எத்தனை படிகள்?

பதில்: சிறைக்குச் சிறை மாறும். கூட்டாட்சிச் சிறைகளில் நான்கு. முதலில் ஊழியரிடம் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். தீரவில்லையென்றால் சம்பவம் நடந்த 20 நாளுக்குள் சிறைத் தலைவருக்கு எழுத வேண்டும். அவர் பதில் பிடிக்கவில்லையா? 20 நாளுக்குள் மண்டல இயக்குநர். அதுவும் போதவில்லையா? 30 நாளுக்குள் தலைமையகம். இதையெல்லாம் பெரும்பாலும் வக்கீல் துணையில்லாமல், பூட்டிய அறைக்குள்ளிருந்து செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு நஷ்டஈடுதான் வேண்டும், சிறையின் புகார் முறையோ பணமே தராது. அப்போதும் அலைய வேண்டுமா?

பதில்: வேண்டும். 2001-லேயே தீர்ப்பு வந்துவிட்டது.

கேள்வி: அடித்த காவலரே புகார்ப் படிவத்தைத் தர மறுத்தால்?

பதில்: இதுதான் சரியான கேள்வி. 2016-ல் ராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று விலக்குகளைச் சொன்னது: புகார் முறை பேருக்கு மட்டும் இருந்தால், யாருக்கும் புரியாதபடி குழப்பமாக இருந்தால், அதிகாரிகள் மிரட்டியோ ஏமாற்றியோ தடுத்தால், அதை முடித்திருக்கத் தேவையில்லை. நல்ல தீர்ப்பு. ஆனால் மிரட்டியதற்கு யார் சாட்சி? 2025-ல் மிச்சிகன் வழக்கு ஒன்று வந்தது. ஊழியர் பாலியல் தொல்லை கொடுத்தார், புகாரையும் கிழித்தெறிந்தார் என்றார் கைதி. புகாரைத் தடுத்தார் என்பதும் மூலக் குற்றச்சாட்டும் பின்னிக் கிடந்தால், அதை நடுவர் குழுதான் முடிவு செய்ய வேண்டும் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பானது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் அந்த வாசல் திறந்திருக்காது.

கேள்வி: வேர்க்கடலை வெண்ணெய் மாற்றிக் கொடுத்ததற்கெல்லாம் வழக்குப் போட்டார்களாமே?

பதில்: இந்தச் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட ஊரெல்லாம் சொன்ன கதை அது. ஜான் நியூமன் என்ற மேல்முறையீட்டு நீதிபதி வழக்குக் கட்டை எடுத்துப் படித்தார். கைதி கேட்ட பொருள் வரவில்லை, தவறாக வந்ததைத் திருப்பிக் கொடுத்தார், உடனே வேறு சிறைக்கு மாற்றப்பட்டார். பொருளும் வரவில்லை, பிடித்த பணமும் திரும்பவில்லை. சுவை பற்றிய வழக்கே அல்ல அது. தொகை சிறிதுதான். ஆனால் அரைகுறையாகச் சொன்ன கதையை வைத்து லட்சக்கணக்கானோரின் உரிமையைச் சுருக்கலாமா?

கேள்வி: வழக்குகள் குறைந்தனவா?

பதில்: குறைந்தன. 1995-ல் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கைதிகள் போட்ட உரிமை வழக்குகள் சுமார் 40,000. சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ 25,000-க்கு இறங்கியது. அதே காலத்தில் கைதிகள் தொகை கூடியது. வழக்கு குறைந்ததால் கொடுமையும் குறைந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கேள்வி: நம் நாட்டில் எப்படி?

பதில்: இப்படி ஒரு சட்டத் தடை இங்கே இல்லை. திகார் சிறைக் கைதி ஒருவர், சக கைதி வதைக்கப்பட்டதைச் சொல்லி உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். கடிதமே மனுவானது. 1979 டிசம்பரில் தீர்ப்பெழுதிய கிருஷ்ணய்யர், சிறைகளில் புகார்ப் பெட்டி வைக்கச் சொன்னார். அது மாவட்ட மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிபதி ஆகியோரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றார். நடைமுறையில் எத்தனையோ குறை இருக்கலாம். பெட்டி யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

கேள்வி: சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உங்களுக்குக் கிடைத்தால்?

பதில்: புதிதாக எதுவும் எழுத மாட்டேன். 1980-ல் அமெரிக்காவே எழுதி வைத்ததைத் திரும்பக் கொண்டுவருவேன். பதில் தரக் காலக்கெடு, பழிவாங்கலிலிருந்து பாதுகாப்பு, அந்தச் சிறையின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒருவரின் மறு ஆய்வு ஆகிய தகுதிகள் இருந்தால்தான் புகார் முறைக்கு அன்று மதிப்பு. அதை முடிக்காமல் வந்தவரின் வழக்கை நீதிபதி 90 நாள் வரை, 1994-க்குப் பிறகு 180 நாள் வரை நிறுத்திவைக்கலாம். 'போய் முடித்துவிட்டு வா' என்பது அதன் பொருள். 1996 சட்டம் இரண்டையும் நீக்கியது. தண்டனை ஒருவரின் சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறது; அடிபட்டால் நியாயம் கேட்கும் உரிமையை எடுத்துக்கொள்ள எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. தாமதமாக வந்தவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள்.