கொள்கைக் கணக்கர்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், குறிப்பாக நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் ஆகிய பகுதிகளில், அண்மைக் காலத்தில் பெருகிவரும் ஒரு மனித வகையைக் கொள்கைக் கணக்கர் என்று அழைக்கலாம். கொள்கை உடையவர்கள் எக்காலத்திலும் உண்டு, கணக்கு எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் பஸ் ஏறுவது, பணம் போடுவது, சுவிட்சைத் தட்டுவது ஆகிய மூன்றையும் அறத்தின்பாற்படுத்தி, அவற்றுக்கு அன்றாடம் வரவு செலவு எழுதி, மாதக் கடைசியில் புண்ணியம் எவ்வளவு மிச்சம் என்று கூட்டிப் பார்ப்பவரே இவ்வகையைச் சேர்ந்தவர். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். தணிக்கை, பொறியியல், வங்கி என எண்ணோடு புழங்கும் வேலையில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவர். அங்கே பிறர் செலவைச் சரிபார்த்துப் பழகிய கண், ஓய்வுக்குப் பின் வேறு கோப்பு எதுவும் கிடைக்காமையால் சொந்த வீட்டின் மீதே திரும்பிவிடுகிறது. பெண்களில் இவ்வகை அரிது. காரணம் வேண்டுவோர் இவர் வீட்டுப் பெண்களையே கேட்டறியலாம்.

இவருடைய மூல ஆவணம், புத்தாண்டுக்கு வங்கி இலவசமாகக் கொடுத்த டயரி. அதில் பயணம், பணம், மின்சாரம் என்று அடிக்கோல் வைத்து மூன்று பத்திகள் பிரிக்கப்பட்டிருக்கும். காலை ஆறு மணிக்கு, பால் பாக்கெட்டை எடுக்கும் முன்பே, டார்ச் விளக்குடன் படியிறங்கி, பன்னிரண்டு மீட்டர்கள் வரிசையாகப் பொருத்தப்பட்ட பெட்டியின் முன் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தம் வீட்டு எண்ணை உரக்கப் படித்து எழுதிக்கொள்வார். அப்படியே பக்கத்து வீட்டு எண்ணையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமன்றிக் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விலை கூடிவிடும் வகையில் கட்டணப் படிநிலை அமைந்திருக்கிறது. எனவே ஐம்பதாம் நாளில் டயரி 470 என்று காட்டினால், அவ்வீட்டில் அவசரநிலை அறிவிக்கப்படும்: வெந்நீர்க் கொதிகலன் நிறுத்தப்படும், தொடர் நாடகம் ஒன்றாகக் குறைக்கப்படும், ஏ.சி.யின் ரிமோட் பீரோவுக்குள் போகும். இதனைச் சிக்கனம் என்று சொல்லிவிட்டால் இவர் மனம் புண்படும். கரிமத் தடம், அதாவது ஒருவருடைய வாழ்க்கையால் காற்றில் சேரும் கரியமில வாயு முதலியவற்றின் மொத்தக் கணக்கு, என்பதே இவர் ஆளும் சொல். இவருடைய கணிப்பில் புவி வெப்பமாதல் 501ஆம் யூனிட்டில் தொடங்குகிறது.

மின்சாரம் எவ்வளவு என்பதோடு எங்கிருந்து என்பதும் இவருக்குக் கவலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல் காற்றாலைகள் நன்றாகச் சுழலும் என்பதைப் படித்தறிந்த நாள் முதல், போர்வைகளை இஸ்திரி போடுவதையும் ஆண்டுக்கான மசாலாப் பொடிகளை அரைப்பதையும் ஆடி மாதத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார். மின்தொடரமைப்பு எனப்படுவதோ பொது ஏரி போன்றது. அத்திப்பட்டில் எரியும் நிலக்கரியும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், கூடங்குளத்து அணுவும், முப்பந்தல் காற்றும் தத்தம் குடத்தை அதில் ஊற்றியபின், காற்றின் குடத்தை மட்டும் நங்கநல்லூரில் மொண்டுகொள்ள வழியில்லை. இதை எடுத்துச் சொன்னால், ஏரியில் நல்ல தண்ணீர் மிகுந்திருக்கும் காலத்தில் மொள்ளுவதுதானே முறை என்று கேட்பார். அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருப்பதுதான் இவரோடு வாதிடுவதில் உள்ள சங்கடம்.

பணத்தின் பத்திக்கு வந்தால் நிலைமை இன்னும் சுவையானது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்கும் நாளில் கிளை மேலாளரின் எதிரே அமர்ந்து, “என் பணத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கிறீர்களா?” என்று இவர் கேட்க, மேலாளர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “15எச் கொடுத்துட்டீங்களா சார்?” என்று திருப்பிக் கேட்பார். 15எச் என்பது, வரி கட்டுமளவுக்கு வருமானம் இல்லை என்றும் எனவே வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்றும் மூத்த குடிமக்கள் வங்கிக்கு எழுதிக்கொடுக்கும் படிவம். மேலாளர் கேள்வியைத் தட்டிக்கழித்தார் என்று குறை சொல்வதற்கில்லை. வங்கியில் சேரும் பணமும் ஏரியில் சேரும் தண்ணீர்தான். நூறு ரூபாய் வைப்புக்குப் பதினெட்டு ரூபாய் வீதம், பெரும்பாலும் அரசுக் கடன் பத்திரங்களாக, வங்கி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கொடுக்கும் கடனில் 40 சதவீதம் வேளாண்மை, சிறுதொழில் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்குப் போயாக வேண்டும் என்பது இன்னொரு விதி. இதில் எவருடைய நோட்டு எந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியது என்பதை மேலாளரும் அறியார்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே பசுமை வைப்பு. திரட்டும் பணத்தைச் சூரிய ஒளி, காற்று, தூய போக்குவரத்து போன்றவற்றுக்கே கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்து, ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட விதிமுறைகள் அவ்வாண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதில் விலக்கப்பட்டவற்றின் வரிசையில் நிலக்கரி முதலிய புதைபடிவ எரிபொருள்களோடு மது, புகையிலை, சூதாட்டம், ஆயுதம் ஆகியனவும் இடம்பெறுவதால், பஞ்சமா பாதகங்களுக்கு ரிசர்வ் வங்கி எழுதிய உரை போல அது காணப்படும். கொள்கைக் கணக்கர் அதைப் பிரதி எடுத்துப் பூஜை அறையில் வைத்திருக்கிறார். பாரத ஸ்டேட் வங்கி 2024 ஜனவரியில் அறிவித்த பசுமை வைப்புக்கு 1,111, 1,777, 2,222 நாட்கள் என்று மொய்ப் பணம் போல் தவணை அமைந்ததும் இவருக்குப் பிடித்துப்போயிற்று. பிடிக்காதது ஒன்றே: வழக்கமான வட்டியைவிடப் பத்தில் ஒரு பங்கு சதவீதம் குறைவு. அதாவது பத்து லட்சத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். மனச்சாட்சிக்கு இவ்வளவு துல்லியமாக விலை நிர்ணயிக்கப்பட்டது வரலாற்றில் அரிது. ஒரு வாரம் யோசித்து, பசுமையில் ஒரு லட்சமும், பழைய டீசல் லாரிகளுக்குக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனம் ஒன்றில், வட்டி ஒன்றரை சதவீதம் கூடுதல் என்பதால், பத்தொன்பது லட்சமும் போட்டார். டயரியின் பணப் பத்தியில் அந்த ஒரு லட்சம் பச்சை மையால் எழுதப்பட்டிருக்கிறது. பத்தொன்பது லட்சம் ‘மருத்துவச் செலவுக்கு’ என்ற தலைப்பில் வேறு ஏட்டில் இருக்கிறது.

பேச்சில் இவர் அடிக்கடி இழுப்பது ஜே.சி.குமரப்பாவின் பெயரை. தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, பட்டயக் கணக்கராகத் தொழில் நடத்தி, பிறகு காந்தியிடம் சேர்ந்து, நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று சிறையிலிருந்து நூல் எழுதிய குமரப்பாவும் கணக்கர்தான். கணக்கருக்கும் கணக்கருக்கும் உள்ள தொலைவை இங்கே அளக்க வேண்டியதில்லை.

பயணத்தில் இவர் கறாரானவர். காரை விற்றுவிட்டார், பச்சை நம்பர் பலகை பூட்டிய மின் ஸ்கூட்டர் இருக்கிறது, அறுபதைக் கடந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதந்தோறும் தரும் பத்து இலவச டோக்கன்களை ‘டோக்கன் 1, மிச்சம் 9’ என்று பற்று வைத்துச் செலவழிக்கிறார். காய்கறி வாங்கப் பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி மாம்பலம் வரை போய், இரண்டு மஞ்சள் பைகளோடு வியர்க்க வியர்க்கத் திரும்புவார். பைகளைக் கவிழ்த்துப் பார்க்கும்போது கறிவேப்பிலை இல்லாதது தெரியவரும். மனைவி ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை எடுப்பார், பத்தாவது நிமிடத்தில் பெட்ரோல் பைக் ஒன்று வாசலில் வந்து நிற்கும். டயரியில் இது ஏறுவதில்லை. ஆர்டர் போட்டவர் மனைவி.

நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆண்டுதோறும் போய்வருவது இவருடைய பயணக் கொள்கையின் உச்சம். விமானம் பின்னிரவு மூன்று மணிக்கு. ஆனால் மெட்ரோ ரயில் இரவு பதினொரு மணியளவில் நின்றுவிடும் என்பதால், பத்து மணிக்கே தோளில் ஒரு பையுடன் நங்கநல்லூர் ரோடு நிலையத்தில் ஏறி, இரண்டாவது நிறுத்தமான விமான நிலையத்தில் இறங்கி, நான்கு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பார். ஊறுகாய், பருப்புப் பொடி, பேரனுக்குச் சீடை ஆகியவை அடங்கிய இருபத்து மூன்று கிலோ பெட்டிகள் நான்கும், மெட்ரோவில் அவற்றை ஏற்ற முடியாது என்பதால், மனைவியோடு கால் டாக்ஸியில் வந்து சேரும். அமெரிக்கா போய்த் திரும்ப ஒரு பயணியின் பங்குக்கு வெளியாகும் கரியமில வாயு, ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரியான ஏறத்தாழ இரண்டு டன்னுக்குக் குறையாது. அன்றைய தேதியில் டயரி சொல்வது: ‘மெட்ரோ. டாக்ஸி தவிர்த்தது, 1.’ விமானத்துக்குப் பத்தியே கிடையாது. டிக்கெட் எடுத்தவர் மகள் என்பதால் அது மகளுடைய கணக்கு.

இவ்வளவையும் பார்த்தபின் இவரை வெறும் வேடிக்கை மனிதர் என்று தள்ளிவிடத் தோன்றும். அதற்குத் தடையாக நிற்பது மொட்டை மாடி. மின்தூக்கி, தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான பொது இணைப்புக்கு 100 யூனிட் சலுகை கிடையாது. கூரையில் சூரிய மின்தகடு பொருத்தும் குடியிருப்புச் சங்கங்களுக்கு, 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தில், பொதுப் பயன்பாட்டுக்கான ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி வேண்டும். நாளொன்றுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். ஐந்து கிலோவாட் போடலாம் என்று இவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது, முதல் மாடிக்காரர், “நான் மின்தூக்கியே ஏறுறதில்லை, எனக்கு எதுக்கு சார்?” என்றார், மேல் மாடிக்காரர் தளம் ஒழுகும் என்றார், செயலாளர், மாடி பொதுச் சொத்து என்பதால் பன்னிரண்டு கையெழுத்தும் வேண்டும் என்றார், பெண்கள் தரப்பில், வடாம் எங்கே காயப்போடுவது என்ற ஒரே கேள்வி எழுந்தது.

பதினோரு கூட்டங்கள் நடந்தன. டயரியில் இதற்கென்று பத்தி இல்லாததால் கொள்கைக் கணக்கர் எதையும் எழுதவில்லை. வீடு வீடாகப் படியேறினார், கையெழுத்துக்குக் காபி குடித்தார், கடைசியில் சாக்கட்டியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கொடிக்கம்பிகளை ஒரு பக்கமாக நகர்த்திக் கோடு போட்டுக் காட்டினார். தகடுகள் இப்போது நாளுக்கு இருபது யூனிட் அளவில் தருகின்றன. தெற்கு மூலையில் பத்துக்கு எட்டு அடி இடம் வடாத்துக்கு விடப்பட்டிருக்கிறது.