மாம்பழம் பார்க்கப் போன மழை

தொண்ணூறுகளில் தில்லியின் மாம்பழத் திருவிழா என்றால் தால்கட்டோரா உள்ளரங்கு. ஜூலையில் வைப்பார்கள், மழையும் அன்றைக்கென்று வந்துவிடும். மயூர் விஹாரிலிருந்து குடும்பமாக ப்ளூலைன் பஸ் ஏறுவோம். சாரலடிக்கும் ஜன்னலோரம் யாருக்கு என்ற சண்டை நிஜாமுதீன் பாலம் வரை ஓடும். கீழே யமுனையின் காதரில், அதாவது வெள்ளம் பாயும் கரைநிலத்தில், வெள்ளரியும் சுரையும் வெண்டையும் நனைந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்க ஒருவரும் திரும்ப மாட்டோம். நாங்கள் கிராமத்து விளைச்சலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோமே!

"மிண்டோ பாலத்தடியில போக வேண்டாம்னு சொல்லுங்கோ" என்று அம்மா அப்பாவை இடிப்பாள். மழைக்காலம் தவறாமல் அங்கே பஸ் முங்கி நிற்கிற படம் பேப்பரில் வரும்.

அரங்கில் மலிஹாபாத் தசேரி, பாக்பத் பக்கத்து ரட்டோல், லங்கடா, சௌசா என்று நூற்றுக்கணக்கில் மேஜைமேல் பெயர்ச்சீட்டோடு உட்கார்ந்திருக்கும். தொடக்கூடாது. கண்ணால் தின்றுவிட்டு நகர வேண்டும். அப்பா மட்டும் பூசா வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஒட்டுரகங்களைத் தேடிப் போய் நிற்பார். மல்லிகாவும் ஆம்ரபாலியும் நம்மூர் நீலத்துக்கும் இந்த ஊர்த் தசேரிக்கும் பிறந்தவை. மல்லிகாவுக்கு நீலம் தாய், ஆம்ரபாலிக்குத் தகப்பன். "ரெண்டு சம்பந்தத்துலயும் நாம இருக்கோம்" என்று முன்பின் தெரியாத சர்தார்ஜியிடம் இந்தியில் விளக்குவார். அந்த மனிதரும் பொறுமையாகக் கேட்பார். கடைசியில் வாசலில் பேரம் பேசி ஒரு கிலோ தசேரி. ஈரச் செருப்போடு வீடு திரும்புவோம்.

2009-ல் மயூர் விஹாருக்கு மெட்ரோ வந்தது. அதுவும் ப்ளூ லைன்தான். சாரல் மட்டும் கிடையாது. விழா ஜனக்புரி தில்லி ஹாட்டுக்குப் போனபின், ஏறிய ரயிலிலேயே திலக் நகர் வரை உட்கார்ந்து போகலாம். இவ்வளவு சௌகரியம் வந்த பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் போகவில்லை. ரட்டோல் 2021-ல் புவிசார் குறியீடு வாங்கியது. இப்போது செல்போனில் சொன்னால் அட்டைப்பெட்டியில் வாசலுக்கே வருகிறது. தொடலாம், தின்னலாம், சம்பந்தக் கதை சொல்லத்தான் ஆளில்லை.

2023 ஜூலையில் காதரே எங்களைப் பார்க்க வந்தது. 1978-ல் 207.49 மீட்டர் வரை ஏறியதுதான் யமுனையின் உச்சம் என்றிருந்தது. அந்த வாரம் 208.66-ஐத் தொட்டது. பயிரைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு, மாடும் மூட்டையுமாக மேலேறிய குடும்பங்கள் மயூர் விஹார் சாலையோரங்களில் தார்ப்பாய் கட்டின. எங்கள் குடியிருப்பில் வசூல் செய்து பூரி-கிழங்கு கொண்டுபோனோம். நல்ல மழை, நீண்ட வரிசை. பரிமாறிக்கொண்டிருந்த மாமி ஒருத்தி, கரண்டியும் கையுமாக, வெண்டைக்காய் விற்கிற விலையைப் பற்றி அவர்களிடமே புலம்பித் தீர்த்தாள்.