அசுவபதியார்

சென்னையில் இப்போது புதிதாக ஒரு வகைத் தகப்பனார் தோன்றியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பால் வண்டியும் பத்திரிகை போடும் பையனும் தவிர வேறு சஞ்சாரம் இல்லாத வேளையில், பாதித் தூக்கத்திலிருக்கும் பத்து வயதுப் பெண்ணைக் காரின் பின் ஆசனத்தில் சாய்த்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி விரைகிறவர் அவர். கோயிலுக்குப் போகிறவராயிருந்தால் நெற்றியில் ஏதேனும் துலங்க வேண்டும். கடலில் நீராடப் போகிறவராயிருந்தால் தோளில் துண்டு கிடக்க வேண்டும். இவரிடம் இரண்டும் இல்லை. முன் ஆசனத்தில் ஒரு பையும், அதில் இரண்டு கிலோ காரட்டும் வீற்றிருக்கும். அதைக் கண்ட மாத்திரத்தில், குழந்தையைக் குதிரையேற்றம் பயில விட்டிருக்கும் மனிதர் இவர் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இவருக்கு அசுவபதியார் என்று நான் நாமகரணம் செய்திருக்கிறேன். சாவித்திரியின் தகப்பனாராகிய மத்திர தேசத்து மன்னருக்கு அதுதான் பெயர். பெயரில் குதிரை இருந்தாலும், அந்த உபாக்கியானத்தில் அவர் குதிரையேறிச் சாதித்தது ஒன்றுமில்லை. பெண்ணைத் தேரேற்றி அனுப்பிவிட்டு, அவள் தானே தேர்ந்துகொண்டு வந்ததைக் கேட்டுத் திகைத்து, பிறகு வேறு வழியின்றிச் சம்மதித்ததே அவருடைய பங்கு. நம் அசுவபதியாரின் சரித்திரமும் ஏறக்குறைய அதுவே.

அவருக்குக் குதிரைமேல் பிரியம் உண்டென்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் என்னும் பந்தயத்தில் நம் நாட்டுக் குழு தங்கம் வென்றதையும், குதிரையேற்றத்தில் நமக்குத் தங்கம் கிடைப்பது 1982-ல் டில்லியில் நடந்த போட்டிகளுக்குப் பின் அதுவே முதல் தடவை என்பதையும் பத்திரிகையில் படித்த அன்றே அவர் உள்ளத்தில் வித்து விழுந்துவிட்டது. அந்த வீரர்கள் வீட்டைவிட்டு ஐரோப்பாவில் போய்த் தங்கிப் பயின்றவர்கள் என்னும் விவரமும் அவருக்குத் தெரியாமற் போகவில்லை. தமக்கு அசௌகரியமான பத்திகளை வேகமாகப் படித்துவிடுவது அவர் சுபாவம். போதாக்குறைக்கு, ஆளுமை வளர்ச்சி, தைரியம், தலைமைப் பண்பு ஆகிய மூன்றும் குதிரையின் முதுகில்தான் குடியிருக்கின்றன என்று அலுவலக நண்பர் ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். ஆக, கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு படம் அவர் மனத்தில் தயாராகிவிட்டது: வெள்ளைப் புரவி, அதன்மேல் வேலு நாச்சியாரைப்போல் நிமிர்ந்து அமர்ந்த புத்திரி, பின்னால் நீலக் கடல்.

வித்தையில் இறங்குமுன் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்துவிட வேண்டும் என்பது அசுவபதியாரின் கொள்கை. குதிரைக்கு ஐந்து கதி, பதினெட்டுச் சாரி என்றும், எந்தச் சுழி எஜமானனுக்கு ஆகும், எது ஆகாது என்றும், இடையில் வாள் தொங்கிய காலத்து வழக்கத்தால்தான் இன்றும் இடப்பக்கமாக ஏறுகிறோம் என்றும் அவர் வேலியோரத்தில் நின்று சாங்கோபாங்கமாக எடுத்துரைக்கும்போது, மற்றப் பெற்றோர்கள் தங்கள் கைபேசிகளில் மிகுந்த சிரத்தையோடு ஆழ்ந்துவிடுவார்கள். இவ்வளவு ஞானமும் குதிரைக்கு ஆறடி தூரத்தில் நின்றுவிடும். அதற்குமேல் அவர் நெருங்குவதில்லை. அந்த ஆறடியையும் அவர் குதிரைக்கு நேர் பின்புறத்தில் அளந்துகொண்டு நிற்பதுதான் விபரீதம். பக்கவாட்டில் கண்கள் அமைந்த பிராணியாதலால், தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாவற்றையும் காணும் குதிரைக்கு, மூக்குக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் பார்வை இல்லை. அங்கே எதுவோ அசைவதை உணர்ந்தால், அது ஆளா புலியா என்று விசாரிப்பதற்கு முன்னரே உதைத்துவிடுவது அதன் வம்ச வழக்கம். “சார், அங்க நிக்காதீங்க, தோள்பக்கமா வாங்க” என்று குதிரைக்காரர் வாரந்தோறும் அவரை இடம் மாற்றி நிறுத்துவார். பதினெட்டுச் சாரியும் அறிந்தவருக்கு இந்த ஒரு சாரி மட்டும் பிடிபடவில்லை.

வீட்டம்மாள் எந்தச் சாஸ்திரமும் படிக்கவில்லை. சேர்ப்பதற்கு முதல் நாள் இரவு, தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டே அவர் கேட்டது மூன்றே கேள்வி. “ஏங்க, தலைக்கு என்ன போடுவாங்க? குதிரைக்கு எத்தனை வயசு? பக்கத்துல யாரு ஓடுவாங்க?” பிள்ளையைக் குதிரையேற்ற நினைக்கும் எந்தப் பெற்றோரும் அறிய வேண்டிய காரியங்களில் முக்கால் பங்கு இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது. இவற்றில் ஒன்றையும் அசுவபதியார் விசாரித்திருக்கவில்லை.

தலைக்கவசத்தை அவர் தாமே வாங்கி வந்தார். நம் நாட்டுத் தகப்பன்மார்களின் ரத்தத்தில் ஊறிப்போன ஒரு தர்மம் உண்டு: வளர்கிற பிள்ளைக்கு எதையும் இரண்டு அளவு பெரிதாகவே வாங்க வேண்டும். பள்ளிக்கூடச் சீருடை விஷயத்தில் இது பழுதற்ற தர்மம், மடித்துத் தைத்துவிடலாம். கல்லூரி முடியும்வரை வரும் என்று கணக்குப் போட்டு வாங்கிய கவசமோ, குழந்தை தலையை வலப்பக்கம் திருப்பினால் தான் மட்டும் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையை இறுகப் பிடித்து, தாடைப் பட்டை தளராமல் நிற்பதுதான் கவசம் என்றும், பலமாக ஒரு முறை அடிபட்டுவிட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் அதை மாற்றியாக வேண்டும் என்றும் சொன்னார். பாதரட்சையிலும் இதே கதை. ஓட்டப் பந்தயத்துக்கு அணியும் தட்டையான காலணி அங்கவடியில் முழுவதும் நுழைந்து சிக்கிக்கொள்ளும்; அந்த நிலையில் குழந்தை விழுந்தால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும்; ஆகையால் சிறிதேனும் குதி உயர்ந்த காலணி அவசியம். அசுவபதியாருக்கு இந்த இரண்டு உபதேசமும் கடைக்கு இரண்டாம் முறை போன பிறகே கிடைத்தன.

அடுத்தது குதிரை. “வெள்ளையா ஒண்ணு இருந்தா குடுங்க சார்” என்று அவர் கேட்டதற்குக் கூடத்துச் சுவர்தான் காரணம் என்பதை நாம் அறிவோம். வெள்ளையாகத் தெரியும் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை பிறக்கும்போது கருமையாகவோ செம்மையாகவோ இருந்து, ஆண்டுக்காண்டு நரைத்து வெளுப்பவை. லாயத்திலேயே வெள்ளையான குதிரை எதுவோ, அதுவே பெரும்பாலும் லாயத்திலேயே கிழக் குதிரையும்கூட என்பதைச் சாஸ்திரம் அவருக்குச் சொல்லவில்லை போலும். பந்தய மைதானத்தில் ஓடி ஓய்ந்து, பயிற்சிப் பள்ளியில் அடைக்கலம் புகுந்திருந்த சுல்தான் என்னும் அந்த முதியவர், கீழுதடு தொங்க, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி மடித்துக்கொண்டு நின்றபடியே உறங்கிக்கொண்டிருந்தார். அசுவபதியாரின் முகம் விழுந்துவிட்டது. கற்றுக்குட்டிக்கு ஏற்றது இளரத்தம் துள்ளும் புரவியன்று, எத்தனையோ குழந்தைகளின் தவறுகளைப் பொறுத்துப் பழுத்துப்போன இப்படிப்பட்ட கிழம்தான் என்று பயிற்சியாளர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். பெண்ணுக்கு அந்தச் சமாதானமெல்லாம் தேவைப்படவில்லை. அவள் நேரே தோள்பக்கமாகச் சென்று கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். சுல்தான் ஒரு காதை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். சாவித்திரியும் ஓராண்டே ஆயுள் உள்ளவன் என்று தெரிந்தும் சத்தியவானைத்தானே வரித்தாள்? அந்தச் சத்தியவானுக்கும் சிறு வயதில் மண்ணால் குதிரை செய்வதும் குதிரை எழுதுவதுமே பொழுதுபோக்காக இருந்தபடியால் சித்திராசுவன் என்றொரு பெயர் உண்டு என்கிறது பாரதம்.

முதல் சில மாதங்களில் நடந்தவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நீண்ட கயிற்றின் ஒரு நுனியில் பயிற்சியாளர், மறு நுனியில் சுல்தான், மேலே கடிவாளத்தைத் தொடக் கூடாது என்ற உத்தரவோடு பெண்; வட்டம், வட்டம், மறுபடியும் வட்டம். “குதிகாலை இறக்கு, தோளைத் தளர்த்து, கீழே பார்க்காதே” என்னும் மூன்று மந்திரங்களே திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தன. “பாய்ச்சல் எப்போ சார்?” என்று அசுவபதியார் வேலிக்கு அப்பாலிருந்து வாராவாரம் வினவுவார். நடையிலிருந்து டிராட் என்னும் குலுங்கு நடைக்கு வந்தபோது, அதன் தாளத்துக்கேற்ப எழுந்து எழுந்து அமரத் தெரியாமல் குழந்தை ஒரு தினம் மணலில் விழுந்தாள். தகப்பனார் வேலியைத் தாண்டிக் குதித்தார்; அந்த வயதில் அது பெரிய சாதனை. ஓடினார், குதிரைக்கு ஆறடி இருக்கும்போது நின்றுவிட்டார். குழந்தை தானாகவே எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, சுல்தானுக்கு ஏதும் அடியில்லையே என்று கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்பா, ஏன் இப்படி ஓடி வரீங்க? அவன் பயந்துக்குவான்” என்றாள்.

உண்மையான விபத்து அதற்குப் பிறகுதான் நேர்ந்தது. சவாரி ஒரு மணி நேரம் என்று கட்டணம் கட்டியிருக்க, பெண் மூன்று மணி நேரமாகியும் லாயத்தைவிட்டு வெளியே வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், எதிர்கால வேலு நாச்சியார் குனிந்து, சுல்தானின் முன்னங்காலை மடித்துத் தன் முழங்கால்மேல் தாங்கிக்கொண்டு, குளம்புக்குள் அடைந்திருந்த மண்ணையும் கல்லையும் கொக்கியால் கிளறி எடுத்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் தேய்ப்பு. தேய்ப்பு முடிந்ததும், கூடையும் கையுமாக லத்தி அள்ளுதல். “நான் சவாரிக்குத்தானே பணம் கட்டினேன்?” என்று அசுவபதியார் பயிற்சியாளரிடம் நியாயம் கேட்டார். “சவாரிக்குத்தான் சார் கட்டணம். இது அவங்க ஆசைக்குச் செய்றது, இதுக்குக் காசு வாங்குறதில்ல” என்று பதில் வந்தது. முதுகின்மேல் வீற்றிருக்கும் ராஜ பதவிக்குத் தகப்பனார் பணம் கட்ட, பெண்ணோ குதிரைக்காரர் உத்தியோகத்தைச் சம்பளமில்லாமல் விரும்பி ஏற்றுக்கொண்டாள். குதிரையைத் தேடிப் போகும் பிள்ளைகளில் உண்மையான பக்தர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கூடையண்டைதான் வந்து சேருகிறார்கள். இந்த ஒரு விஷயத்தைப் பெற்றோருக்கு முன்கூட்டியே யாரும் சொல்லுவதில்லை.

அன்று முதல் இல்லத்தில் சம்பாஷணையின் தரமே மாறிவிட்டது. குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்றும், ஆகவே வயிற்றுவலி வந்தால் அதற்கு உயிருக்கே ஆபத்து என்றும் அவள் சாப்பாட்டு வேளையில் விளக்குவாள். மருமகளும் மகனும் முகம் சுளிக்க, ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி மட்டும் பேத்தியின் சட்டையை முகர்ந்து பார்த்து, “எங்க மாமனார் வாசனை” என்று ஆனந்தப்பட்டுவிட்டார். கும்பகோணம் ரயிலடியில் அவர் ஜட்கா ஓட்டியதும், ஜட்கா காலம் போன பிறகு குடும்பத்தார் அதைப் பற்றிப் பேசாமல் விட்டதும் அப்போதுதான் அம்பலமாயின. அதுவரை தம் குலத்துக் குதிரை ஞானத்துக்குச் செஞ்சித் தேசிங்குராஜனை மூலபுருஷனாகச் சுட்டி வந்த அசுவபதியார், சாம்பாரில் உப்பு எப்படி என்று பேச்சை மாற்றினார். பேத்தி விடவில்லை. “பாட்டி, கொள்ளை ஊறவெச்சுக் குடுப்பாரா, வேகவெச்சா?” என்று ஆரம்பித்து, இரவு பத்து மணிவரை விசாரணை நடத்தினாள்.

சொந்தமாக ஒரு குதிரையே வாங்கிவிட்டால் என்ன என்னும் யோசனை இந்தக் கட்டத்தில்தான் எல்லா அசுவபதிமாருக்கும் உதிக்கிறது. பாண்டி நாட்டரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் வழியாக வாங்கியும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் அவற்றில் பெரும்பாலானவை மாண்டுபோயின என்று 13-ம் நூற்றாண்டில் இங்கே வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். மாணிக்கவாசகரிடம் பொருளைக் கொடுத்தனுப்பிய அரிமர்த்தன பாண்டியனுக்கோ, வந்த குதிரைகளெல்லாம் இரவோடிரவாக நரிகளாகிவிட்டன. அரசர்கள் பாடே இப்படியென்றால், மாதாந்திரத் தவணையில் வீட்டுக் கடன் கட்டுகிற மனிதர் யோசிக்க வேண்டாமா? நாள்தோறும் முப்பது லிட்டருக்குக் குறையாத நீர். ஓயாமல் மெல்லப் புல். ஆறு முதல் எட்டு வாரத்துக்கொரு முறை குளம்பு சீவி லாடம் அடித்தல். அவ்வப்போது பல் அராவுதல். சவாரி செய்தாலும் செய்யாவிட்டாலும் இத்தனையும் நிற்காது. நன்றாகப் பேணப்பட்ட குதிரை 25 வருஷம், 30 வருஷம் என்று வாழும். பெண் பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வெளியூர் போய்விடுவாள்; குதிரை போகாது. இவற்றையெல்லாம் பெண்ணே காகிதத்தில் கூட்டிப் போட்டுக் காட்ட, அசுவபதியார் அந்த யோசனையைக் கைவிட்டார்.

வீட்டம்மாளின் மனம் மாறியதற்குக் காரணம் மொட்டைமாடி ரோஜாத் தொட்டிகள். குதிரை லத்தி சிறந்த எரு என்று கேள்விப்பட்டவுடன், ஞாயிறுதோறும் கணவரை இரண்டு சாக்கு கொண்டுவரும்படி பணித்தார். புது லத்தியில் சூடு அதிகம், வேரைப் பொசுக்கிவிடும், சில மாதங்களாவது மக்கவைக்க வேண்டும் என்று பெண் தடுத்ததன் பயனாக, சாக்குகள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகனக் கொட்டகையில் அசுவபதியாரின் காருக்குப் பக்கத்தில் வரிசையாகத் தங்கிப் பக்குவப்படலாயின. குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கு அவர் நான்கு பக்கத்தில் பதில் வரைந்தார். தேசிங்குராஜன் 1714-ல் பட்ட வீர மரணத்தில் தொடங்கி, ஐந்து கதிகளையும் முறையே வர்ணித்து, ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் வழியாக மூன்றாம் பக்கத்தின் அடியில்தான் சாக்குகளை எட்டிப் பிடித்திருந்தார். மறுநாள் காலையில் சங்கத்துச் செயலாளர் அந்தக் கடிதமும் கையுமாகக் கதவைத் தட்டினார்.

“எல்லாம் படிச்சேன் சார். ஒரு தொட்டிக்கு எத்தனை கை போடணும்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்களே!”