வருஷப் பாராயணர்

பரீட்சை நெருங்கிவிட்டால் விடியற்காலை ஐந்தரைக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அவரைப் பார்க்கலாம். சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர்கள்கூடக் காதில் பாட்டு மாட்டியிருப்பார்கள். இசை படிக்கிற இவர் காதில் மட்டும் ஒன்றும் இருக்காது. "சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767" என்று பால் கணக்கு ஒப்பிக்கிறாற்போல முணுமுணுத்துக்கொண்டே போவார்.

காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917, விபுலானந்தரின் யாழ் நூல் 1947 எல்லாம் வந்துவிடும். இரண்டுக்கும் முப்பது வருஷ இடைவெளி என்பதுதான் அவற்றைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே சங்கதி. "யாழ் நூலைச் சுதந்திர வருஷம்னு ஞாபகம் வெச்சுக்கோ" என்று யாரோ சொல்லிக் கொடுக்க, புதுச்சேரிப் பிள்ளை 1954 என்று எழுதிவிட்டு வந்தார்.

நோட்டில் மஞ்சள் பூசாத வரி கிடையாது. கையில் வீணையைக் கொடுத்தால் ஒழுங்காகவே வாசிப்பார். புத்தகத்தைக் கொடுத்தால்தான் காது அடைத்துக்கொள்ளும்.

"தம்பி, நோட்டுஸ்வரம் கேட்டிருக்கியா?" என்றேன் ஒருநாள்.

"மூணாவது யூனிட் சார். அஞ்சு மார்க்."

முத்துசுவாமி தீட்சிதரின் 'சந்ததம் பாஹிமாம்' என்ற நோட்டுஸ்வரத்தைப் போனில் போட்டேன். திண்ணையில் கண்ணயர்ந்திருந்த சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் பட்டாள பென்ஷன்காரர், திடுக்கிட்டு எழுந்தார். "இது இங்கிலீஷ்காரன் ராஜா பாட்டாச்சே! இதை எவன்டா நம்ம தெருவுல போடறது?"

வருஷப் பாராயணர் வாயைப் பிளந்தார். கைடில் அது இல்லையாம். மணலியில் இருந்த காலத்தில் தீட்சிதர் சகோதரர்கள் புனித ஜார்ஜ் கோட்டை பேண்டைக் கேட்ட கதையைச் சொன்னேன். அண்ணன் அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். தம்பி பாலுசாமி வெள்ளைக்காரரின் வயலினையே கற்றுக்கொண்டு கர்நாடக சங்கீதத்துக்கு இழுத்துவந்தார்.

"அப்ப இதெல்லாம் ஒரே வீட்டுச் சமாச்சாரமா சார்?" என்றார். அவர் நோட்டில் அண்ணனும் தம்பியும் வேறு வேறு யூனிட்டில் இருந்தார்கள்.

அன்றிலிருந்து நோட்டில் உள்ள ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு பாட்டு என்று கேட்டுப் படித்தார். பரீட்சையில் நோட்டுஸ்வரம் வந்தது. மூன்று பக்கம் எழுதினாராம். இரண்டாம் பக்கத்தில் மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்று, "எழுதுப்பா, பாடாதே" என்றாராம்.