ஆயாவுக்குப் பத்து வயதில் பிறந்த அம்மா

குடும்ப வரலாறு எழுதப்போகிறேன் என்று வீட்டில் அறிவித்தபோது நான் ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ரேஷன் கார்டுல உங்க பேரே தப்பா இருக்கு. மொதல்ல அதை மாத்திட்டு வாங்க" என்றாள்.

ஆசையைக் கிளப்பிவிட்டவன் லண்டனில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன். அவனுடைய வீட்டுக்காரர் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டாராம். தாத்தா யாரிடம் வேலை பார்த்தார், அன்றிரவு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் தாத்தாவின் கையெழுத்திலேயே இருந்ததாம். அங்கே நூறு வருடம் பூட்டிவைத்து, 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் இன்னும் அவசரம். 72 வருடம்தான் பூட்டு. 1950 கணக்கெடுப்பை 2022 ஏப்ரலில் திறந்தார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கணக்கு சுலபமாக விழுந்தது. வெள்ளைக்காரன் அங்கே எடுத்த மாதிரிதானே இங்கேயும் எடுத்திருப்பான்? அப்படியானால் எங்கள் ஊரான கருணாபுரத்தில் என் தாத்தாவும் எங்கோ ஒரு தாளில் உட்கார்ந்துகொண்டு எனக்காகக் காத்திருக்க வேண்டும்.

1931 மதராஸ் மாகாணக் கணக்கெடுப்பு அறிக்கையைத் தரவிறக்கினேன். யீட்ஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தயாரித்தது. தேடல் பெட்டியில் தாத்தா பெயரை இங்கிலீஷில் ஆறு விதமாக அடித்துப் பார்த்தேன். இரண்டு ராத்திரி போயிற்று. மூன்றாம் ராத்திரிதான் உறைத்தது: அது முழுக்க அட்டவணைப் புத்தகம். தென்னாற்காடு ஜில்லா, கள்ளக்குறிச்சி தாலுகா என்று வரிசை இருந்தது. அதற்கு நேரே எண்கள் இருந்தன. 1931 பிப்ரவரி 26 இரவு எண்ணப்பட்ட கூட்டத்தில் என் தாத்தா ஒரு 'ஒன்று'. அந்த ஒன்றை மொத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, மூலத்தாளையே கேட்போம் என்று ஓர் அலுவலகத்துக்குப் போனேன். என் மகள் வயதிருக்கும் ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க வாத்தியாரா?" என்றார்.

"ஆமாம்மா."

"சென்சஸ் டியூட்டி பார்த்திருக்கீங்களா?"

"2011ல பார்த்தேன்."

"அப்ப டிரெயினிங்லயே சொல்லியிருப்பாங்களே சார்."

சொல்லியிருப்பார்கள். 1948ஆம் வருடத்துச் சட்டம், 15ஆம் பிரிவு. கணக்கெடுப்பில் பதிந்த தனிநபர் விவரத்தை யாரும் பார்க்கக் கேட்க முடியாது. கோர்ட்டில் சாட்சியமாகக்கூட அது செல்லாது. நூறு வருடம் கழித்துத் திறக்கும் ஏற்பாடும் இங்கே இல்லை. அந்த வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து வாத்தியாரோடு அகவிலைப்படி எத்தனை சதவீதம் ஏறும் என்று பேசிக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாகப் பிள்ளைகளை எதற்காக முட்டி போடவைத்தேனோ, அதையே நானும் செய்திருக்கிறேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த 2011 பிப்ரவரி மாதம் முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. 9ஆம் தேதியிலிருந்து 28 வரை. பள்ளிக்கூடம் விட்டதும் படிவக் கட்டு, கறுப்பு மைப் பேனாவோடு தெருத்தெருவாக அலைச்சல். ஆளுக்கு 29 கேள்விகள். நாலாவது நாளே எனக்குக் கை வலித்தது. யாராவது கிழவி வயது தெரியாமல் விழித்தால், நானே ஒரு எண்ணைப் போட்டு நகர்ந்துவிடுவேன். அறுபத்தைந்து, எழுபது, எழுபத்தைந்து. என் தெருவில் அறுபத்தேழு வயதுக்காரர் ஒருவர்கூட இருந்ததாக நினைவில்லை.

இந்தத் திருட்டுத்தனத்தைப் பிடிக்க ஓர் அளவுகோலே இருக்கிறது என்று பிறகு படித்தேன். விப்பிள் குறியீடு. 23 முதல் 62 வயதுக்குள் 0, 5இல் முடியும் வயதுகள் எவ்வளவு குவிந்திருக்கின்றன என்று அது பார்க்கும். ஒழுங்காக எழுதியிருந்தால் 100, எல்லாரையும் 0, 5இலேயே தள்ளியிருந்தால் 500. அறுபத்திரண்டுக்கு மேல் அது எட்டிப் பார்ப்பதில்லை. கிழவிகளை வைத்து நான் செய்த வேலை அதனால் தப்பியது.

என் வட்டாரத்தில் எங்கள் வீடும் இருந்தது. அதைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். திண்ணையில் ஆயா. எதையும் கேட்காமல் அம்மாவுக்கு 70, ஆயாவுக்கு 80 என்று எழுதினேன். இந்தியாவின் அதிகாரபூர்வக் கணக்குப்படி ஆயாவுக்குப் பத்து வயதில் என் அம்மா பிறந்திருக்கிறாள்.

அடுத்து, பிறந்த ஊர். 'இதே ஊர்' என்பதற்கான குறியைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஆயா எட்டிப் பார்த்து, "நான் பொறந்தது மலையிலடா. எங்கப்பன் உப்பு மூட்டைய எடுத்துக்கினு..." என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கெல்லாம் இதுல எடம் இல்ல ஆயா" என்றேன்.

இடம் இருந்தது. அந்தக் கேள்வியே அதற்குத்தான். பிறந்த குழந்தைகள் எத்தனை, இருக்கிற குழந்தைகள் எத்தனை என்றும் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஐந்து, ஐந்து என்று நிரப்பினேன். இரண்டு வருடம் கழித்து ஆயா போனபோது, அவளுடைய தங்கை சின்ன ஆயா ஒப்பாரியில் நான் கேள்விப்பட்டே இராத இரண்டு பெயர்களைச் சொல்லி அழுதாள். பால்குடி வயதிலேயே போன பிள்ளைகளாம்.

மலையில் எந்த ஊர்? எங்கள் பக்கத்தில் மலை என்றால் கல்வராயன்மலை. அது 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. கீழ்நாட்டில் தேடுவது மாதிரி அங்கே பழைய பட்டா, அடங்கல் என்று தேட வழியில்லை. தேடினாலும் உப்பு விற்கப் போனவருக்குப் பட்டாவா இருக்கும்? பள்ளிச் சான்றிதழ்களைப் புரட்டினேன். தாத்தா தலைமுறை பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. நாங்கள் அண்ணன் தம்பி நாலு பேரும் ஜூன் மாதத்தில் பிறந்திருக்கிறோம். கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டதும் வாத்தியார் போட்ட தேதிகள் அவை. நாட்டில் தேதிகளைக் கெடுத்ததில் என் வர்க்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

முன்பெல்லாம் கருணாபுரம் என்றால், "அது எங்கே?" என்பார்கள். கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே என்று விளக்குவேன். 2024 ஜூனுக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அந்த வாரம், வெளியூர் நண்பர்கள் போனில், "இப்ப எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டிவியைப் பார்த்து எண்ணைச் சொன்னேன். அடுத்த புல்லட்டினில் மாறியதும் திருத்திச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே தெருவில் பெயர் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். மனைவி வந்து டிவியை அணைத்துவிட்டு, "யாருன்னு போய்ப் பாருங்க" என்றாள். அதற்கப்புறம்தான் செருப்பைப் போட்டேன்.

அடுத்த கணக்கெடுப்பு 2027இல் முடியும். விவரங்கள் மொபைல் செயலியில் ஏறும், அவரவர் விவரத்தை அவரவரே பதியவும் வழி உண்டு. ஆகவே இனி வாத்தியார் மேல் பழி போட முடியாது. நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு சின்ன ஆயா வீட்டுக்குப் போனேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, காது கூர்மை.

"ஆயா மலையில எந்த ஊருல பொறந்துச்சு?"

"கரியாலூரு தாண்டின்னு எங்கப்பன் சொல்லும். பேரு அக்காவுக்குத்தான் தெரியும். அன்னிக்குப் பேப்பரோட வந்தப்ப சொல்ல வந்துச்சே, நீ எழுதிக்கலையா?"

பேச்சை மாற்றினேன். "உனக்கு என்ன வயசாவுது?"

"எழுவத்தஞ்சு."

"அது பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி."

"நீதானே கெவுருமெண்டு பேப்பர்ல எழுதிக்கினு போன?"

மறுத்துப் பேச என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. 75 என்றே நோட்டில் எழுதிக்கொண்டேன்.